அப்பா சிரிக்க யாரைக் கேட்க வேண்டும்?

வர்ஷாவுக்கு உலகத்திலேயே பிடிக்காத சொல் ஒன்று இருந்தது. 'பாகற்காய்' இல்லை. பாகற்காயையாவது தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிடலாம். அவளுக்குப் பிடிக்காத சொல் 'அப்புறம்'.

பல் விழுந்ததா? அப்பா அப்புறம் படத்தில் பார்ப்பார். நீச்சல் கற்றுக்கொண்டாளா? அப்பா அப்புறம் வீடியோவில் பார்ப்பார். பிறந்த நாளா? கேக் தீர்ந்து, பலூன் எல்லாம் சுருங்கிப்போன பிறகு, அப்பா அப்புறம் பார்ப்பார்.

அப்பா ஈஸ்வரமூர்த்தி கோபிசெட்டிபாளையத்தில் இருந்தார். அங்கே மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். வர்ஷாவும் அம்மா வைதேகியும் சிட்னியில், பென்டில் ஹில்லில் இருந்தார்கள். அம்மாவுக்கு இங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலை. அப்பாவின் விசா மட்டும் இன்னும் வரவில்லை.

"வந்துரும் கண்ணு" என்று அம்மா அடிக்கடி சொல்வார். பஸ் வந்துவிடும் என்று சொல்வதுபோலத்தான் சொல்வார். ஆனால் பஸ் வந்துவிடுகிறது.

அப்பாவோடு தினமும் வீடியோவில் பேசினார்கள்தான். ஆனால் அப்பா சிரிக்க வாயைத் திறக்கும்போது பார்த்துத்தான் நெட்வொர்க் மக்கர் செய்யும். வாயைத் திறந்தபடி அப்பா சிலைபோல நின்றுவிடுவார். மறுபடி அவர் அசைய ஆரம்பிக்கும்போது சிரிப்பு முடிந்திருக்கும். சிட்னிக்கு வந்த நாளிலிருந்து அப்பாவின் ஒரு முழுச் சிரிப்பைக்கூட வர்ஷா கேட்கவில்லை. அது அவளுக்கு வேண்டியிருந்தது. பசி எடுப்பதுபோல வேண்டியிருந்தது.

அந்த நேரத்தில்தான் வர்ஷாவின் வகுப்புக்கு அசெம்பிளி முறை வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடம் முழுவதும் ஹாலில் கூடும். ஒவ்வொரு வாரமும் ஒரு வகுப்பு நிகழ்ச்சியை நடத்த வேண்டும். நான்காம் வகுப்பில் சிலர் பாட்டுக்குப் பெயர் கொடுத்தார்கள். சிலர் நடனத்துக்குக் கொடுத்தார்கள். வர்ஷாவும் அவள் பக்கத்தில் உட்காரும் நோவாவும் ஜோக் சொல்லப் பெயர் கொடுத்தார்கள். நோவா கேள்வி கேட்பான், வர்ஷா பதில் சொல்வாள். ஜோக்குகள் எல்லாம் மேக்பை பறவையைப் பற்றியவை. சிட்னியில் அது வசந்த காலம். கூட்டில் குஞ்சு இருந்தால் மேக்பை சாலையில் போகிறவர்களின் தலையைக் குறிபார்த்துப் பாய்ந்து வரும். எல்லோருக்கும் அதைப் பற்றிச் சொல்ல ஒரு கதை இருந்தது.

முதல் ஜோக்கை வர்ஷாவே யோசித்திருந்தாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லாததற்குத் தனிக் காரணம் இருந்தது.

"அம்மா, நான் ஜோக் சொல்றப்ப ஃபோன்ல அப்பாவுக்கு லைவா காட்டணும்" என்றாள் வர்ஷா.

"வீடியோ எடுத்து அனுப்பிக்கலாமே கண்ணு."

"அது அப்புறம்மா. எல்லாரும் சிரிக்கறப்பவே அப்பாவும் சிரிக்கணும். மிஸ் ஹார்ட்லிகிட்ட கேக்கட்டா?"

மிஸ் ஹார்ட்லி வர்ஷாவின் வகுப்பு ஆசிரியை. அம்மா உடனே தலையை ஆட்டினார்.

"அவங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணிட்டு. அவங்க பாடம் நடத்தறவங்க. இதெல்லாம் ஹெட்மாஸ்டர் விஷயம். நேராப் போய்ப் பார்த்துரலாம்."

அம்மா படித்த பள்ளிக்கூடத்தில் எல்லாமே ஹெட்மாஸ்டர்தான். லீவு வேண்டுமா, ஹெட்மாஸ்டர். தண்ணீர்த் தொட்டியில் தவளை விழுந்துவிட்டதா, அதற்கும் ஹெட்மாஸ்டர். அவர் தலையசைக்காமல் அங்கே மணிகூட அடிக்காது.

மறுநாள் அம்மாவுக்கு வேலை இல்லை. கிளிப்பச்சைப் புடவை கட்டிக்கொண்டு, மைசூர்பாகு செய்து டப்பாவில் அடுக்கிக்கொண்டு, வர்ஷாவோடு பள்ளிக்கூட அலுவலகத்துக்கு வந்தார். பிரின்சிபலைப் பார்க்க வேண்டும் என்றார்.

அலுவலகத்தில் இருந்த மிஸஸ் ட்ரான் விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு புன்னகையோடு, "வர்ஷாவின் வகுப்பு ஆசிரியையிடம் பேசினீர்களா? முதலில் அவரிடம் பேசுங்களேன்" என்றார்.

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "தேங்க்யூ மேடம்" என்று சொல்லிவிட்டு டப்பாவோடு வெளியே வந்துவிட்டார்.

"ஏம்மா, அவங்க நல்லாத்தானே பேசினாங்க" என்றாள் வர்ஷா.

"உனக்குத் தெரியாது கண்ணு. தாலுகா ஆபீஸுக்கு நான் எத்தனை தடவை நடந்திருக்கேன். 'அவரைப் போய்க் கேளுங்க'ன்னு ஒருத்தர் சொன்னா, முடியாதுன்னு அர்த்தம். இவங்க சிரிச்சுட்டுச் சொல்றாங்க, அவ்வளவுதான்."

வாசலில் மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஒருவர், வந்து நின்ற கார்களின் கதவைத் திறந்து குழந்தைகளை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு வணக்கம் சொன்னார். அம்மாவும் சோகமாக ஒரு வணக்கம் சொன்னார்.

"அம்மா, இவர்தான் பிரின்சிபல்."

"சும்மா இரு கண்ணு. பிரின்சிபல் வந்து வெயில்ல நின்னு கார் கதவு தொறந்து விடுவாராக்கும்."

அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

அன்று மாலை அப்பாவிடம் விஷயம் போயிற்று. 

"பரவாயில்ல அம்மிணி" என்றார். "அப்புறம் வீடியோ அனுப்பு. பத்துத் தடவை பாக்கறேன்."

பத்துத் தடவை அப்புறம். வர்ஷா குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீரை வீணாக்குகிறோமே என்று தோன்றியதும் குழாயை மூடிவிட்டு, சத்தம் வராமல் அழுதாள்.

அடுத்த நாள் பள்ளியில் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. மிஸஸ் ட்ரான் 'முடியாது' என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை. முழங்காலில் சிராய்ப்போடு போனாலும், சாப்பாட்டுப் பையைத் தொலைத்துவிட்டுப் போனாலும் ஏதாவது வழி சொல்லி அனுப்புகிறவர் அவர். நேற்று சொன்னதும் வழிதானோ?

யாரைக் கேட்பது? பள்ளியில் பெரியவர்கள் எல்லோரும் கழுத்தில் ஒரு அட்டை தொங்கவிட்டிருப்பார்கள். அதில் பெயரும், அதன் கீழே சின்ன எழுத்தில் அவர்களுடைய வேலையும் இருக்கும். இத்தனை நாளும் வர்ஷா பெயரை மட்டும்தான் படித்திருந்தாள். இன்று இரண்டாவது வரியையும் படிக்கத் தொடங்கினாள். யாரும் சட்டென்று நிற்காததால் பக்கவாட்டில் நடந்துகொண்டே படிக்க வேண்டியிருந்தது.

வாசலுக்குப் பக்கத்து அறையில் யோகா ஆன்ட்டி கோப்பைகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தார். யோகா என்பது அவர் பெயர். வியாழக்கிழமைதோறும் அம்மாக்களோடு உட்கார்ந்து தேநீர் குடிப்பவர். யாரோ ஒரு பையனின் அம்மா என்றுதான் வர்ஷா நினைத்திருந்தாள். அவர் கழுத்திலும் ஓர் அட்டை தொங்கியது.

"என்ன பிள்ளை, என்னத்தை இப்பிடி உத்துப் பாக்கிறீர்?"

"உங்க வேலைய ஆன்ட்டி. 'சமூகத் தொடர்பு அலுவலர்'னு போட்டிருக்கு. அப்படின்னா என்ன வேலை?"

யோகா ஆன்ட்டி கையைத் துடைத்துக்கொண்டார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். "தாய் தேப்பனுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில நிண்டு, ரெண்டு பக்கத்துக்கும் விளங்கப்படுத்துறது. தேத்தண்ணி குடிக்கிறது மட்டும்தான் என்ர வேலை எண்டு நினைச்சீரோ?"

"ஆமா" என்றாள் வர்ஷா. பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு நேற்று நடந்ததைச் சொன்னாள். 

"முடியாது எண்டு மிஸஸ் ட்ரான் சொன்னவவோ?"

"இல்ல. முதல்ல மிஸ் ஹார்ட்லிகிட்ட பேசுங்கன்னாங்க."

"அப்ப அது முடியாது எண்டு இல்லை, பிள்ளை. அதுதான் இஞ்சத்தை வழமை. வகுப்பு விஷயம் எண்டால் முதல் வகுப்பு ரீச்சர். அவவால ஏலாட்டி அவவே மேல கேப்பா. ரீச்சரை விட்டுட்டு நேர பிரின்சிபலிட்டப் போனால், ரீச்சரில ஏதோ குறை சொல்ல வந்தமாதிரி ஆயிடும்."

வர்ஷாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மரியாதை என்று நினைத்து அம்மா செய்தது இங்கே தலைகீழாகப் போயிருக்கிறதே.

"அம்மாவோட நான் கதைக்கிறன்" என்றார் யோகா ஆன்ட்டி. "ரீச்சரிட்டையும் நானே கேக்கட்டோ?"

வர்ஷா கொஞ்சம் யோசித்தாள். "வேண்டாம் ஆன்ட்டி. மிஸ்கிட்ட நானே கேக்கறேன். எங்க அப்பா இல்லையா, அது என் வேலை."

மதிய இடைவேளையில் மிஸ் ஹார்ட்லி வகுப்பிலேயே இருந்தார். மேடைக்கான காகிதப் பறவைகளை வெட்டிக்கொண்டிருந்தார். நோவா கத்தரித்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். வர்ஷா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"முதலிலேயே என்னிடம் கேட்டிருக்கலாமே வர்ஷா?"

"உங்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அம்மா நினைத்தார், மிஸ்."

"தொந்தரவா? இதற்குத்தானே நான் இருக்கிறேன்." மிஸ் ஹார்ட்லி கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "உன் அப்பா சேர்ந்துகொள்வது எனக்கும் ஆசைதான். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் பள்ளியில் சில பிள்ளைகளின் படம் வெளியே போகக் கூடாது. அதற்கு அவர்கள் வீட்டில் சம்மதம் இல்லை; காரணம் அவரவர் வீட்டு விஷயம். உன்னை மட்டும் காட்டுகிற மாதிரி கேமராவை வைக்கலாம். உன் பக்கத்தில் வேறு யாரும் நிற்கக் கூடாது, அவ்வளவுதான்."

வர்ஷாவின் மனம் துள்ளியது. அப்பா பார்க்கப் போகிறார்! திரும்பி நோவாவைப் பார்த்தாள்.

நோவா குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தான். லேஸ் அவிழவே இல்லை. கேமரா என்ற சொல் காதில் விழுந்தாலே அவன் இப்படித்தான். வகுப்புப் படம் எடுத்த அன்றும், விளையாட்டு விழா அன்றும் அவன் ஓரமாகப் போய் லேஸ் கட்டிக்கொண்டிருந்தது வர்ஷாவுக்கு நினைவு வந்தது.

"நான் திரைக்குப் பின்னால் நின்று கேள்வி கேட்கிறேன்" என்றான் நோவா, நிமிராமலேயே. "பரவாயில்லை. எனக்குப் பழக்கம்தான்."

வர்ஷா அவிழாத அந்த லேஸைப் பார்த்தாள்.

அவளுக்கு அந்தப் பதில் நன்றாகத் தெரியும். வீட்டில் ஃபிரிட்ஜ் கதவு நிறையப் படங்கள் ஒட்டியிருந்தன. கடற்கரையில் அம்மாவும் அவளும். நீச்சல் குளத்தில் அவள். கேக்குக்குப் பின்னால் அம்மாவும் அவளும். சிட்னியில் எடுத்த எந்தப் படத்திலும் அப்பா இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் "அப்பா இல்லாம கஷ்டமா இல்லையா?" என்று கேட்பார்கள். "பழகிடுச்சு" என்பாள் வர்ஷா. அது சுத்தப் பொய். பழகவே இல்லை.

நோவா சொன்னதும் பொய்தான்.

அப்பா தன்னைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசைதான். புதிதாக வெட்டிய முடியைப் பார்க்க வேண்டும். மேடையில் பயப்படாமல் நிற்பதைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ஆனால் அதற்காக நோவா திரைக்குப் பின்னால் போய் நிற்க வேண்டுமா?  மிஸ் ஹார்ட்லியின் பக்கம் திரும்பினாள்.

"மிஸ், படம் வேண்டாம். குரல் போதும். சும்மா ஃபோன் மட்டும் பண்ணலாமா?"

நோவா நிமிர்ந்து பார்த்தான்.

"நீ மேடையில் நிற்பது அவருக்குத் தெரியாதே" என்றார் மிஸ் ஹார்ட்லி.

"காது இருந்தால் சிரிக்கலாம் மிஸ்."

மிஸ் ஹார்ட்லி தலையசைத்தார். "சரி. ஹாலில் நடக்கும் விஷயத்துக்குப் பிரின்சிபல் சம்மதிக்க வேண்டும். அவரிடம் நான் கேட்கிறேன். அது என் வேலை."

பள்ளி விடும் முன்பே சம்மதம் வந்துவிட்டது. மாணவர்கள் பள்ளியில் ஃபோன் வைத்துக்கொள்ளக் கூடாது. அதனால் அம்மா தன் ஃபோனைக் கொண்டுவர வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை. ஹாலில் மைக்கைப் பார்த்துக்கொள்வது நூலக ஆசிரியர் மிஸ்டர் ரோசி. "மைக் பக்கத்திலேயே ஃபோனை வைத்துவிடுவோம். இல்லாவிட்டால் அவருக்கு நாற்காலி இழுக்கிற சத்தம்தான் கேட்கும்" என்றார் அவர்.

மாலையில் வாசலில் அம்மாவை யோகா ஆன்ட்டி பிடித்துக்கொண்டார்.

"அப்ப முடியாதுன்னு சொல்லலீங்களா அவங்க?" அம்மாவால் நம்ப முடியவில்லை.

"இல்லை வைதேகி. ரீச்சரைக் கேக்கச் சொன்னவ. அவ்வளவுதான்."

"அடக் கடவுளே. டீச்சரு என்னைப் பத்தி என்னங்க நினைச்சிருப்பாங்க."

"ஒண்டும் நினைக்கேல்லை. நானும் இஞ்ச வந்த புதுசில பிரின்சிபலின்ர கதவைத்தான் தட்டினனான். என்ர மகன்ர தொப்பி துலைஞ்சு போச்சுதெண்டு."

அம்மா சிரித்துவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஏனுங்க, வெள்ளிக்கிழமைக்கு மைசூர்பாகு செஞ்சு கொண்டாறேன். முதல்ல யாருக்குக் குடுக்கறதுங்க? பிரின்சிபலுக்கா, டீச்சருக்கா?"

"ஸ்டாஃப் ரூம் மேசையில வைச்சு விடுங்கோ. எல்லாரும் எடுப்பினம்."

யார் பெரியவர், யார் சின்னவர் என்று பார்க்காமல் மேசையில் வைத்துவிடுவதா? அம்மாவுக்கு அதை ஜீரணிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அப்பாவிடம் வர்ஷாவே சொன்னாள். படம் இல்லை, குரல் மட்டும்தான் என்று சொல்லும்போது அவளுக்கு மறுபடி வருத்தம் வந்தது.

"அதனால என்ன அம்மிணி. கேட்டாப் போதும் எனக்கு. ஆனா புதுச் சட்டை போட்டுக்குவேன்."

"உங்களை யாருமே பார்க்கமாட்டாங்கப்பா."

"பார்க்காட்டி என்ன? உன் பள்ளிக்கூடத்துக்குல்ல வர்றேன்."

வெள்ளிக்கிழமை ஹால் நிரம்பி வழிந்தது. தரையில் குட்டிப் பிள்ளைகள், பின்னால் நாற்காலிகளில் பெற்றோர்கள். அம்மா வேலையை வேறு ஒருவரோடு மாற்றிக்கொண்டு வந்திருந்தார். அதே கிளிப்பச்சைப் புடவை. அவர் பக்கத்தில் யோகா ஆன்ட்டி. மஞ்சள் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு டை கட்டிய ஒருவர் வந்து, மைசூர்பாகு பிரமாதம் என்று அம்மாவிடம் சொன்னார். தான் இரண்டு எடுத்துக்கொண்டதாகவும் சொன்னார்.

"இவரு கார் கதவு தொறந்துவிடறவரில்லீங்களா?" என்று அம்மா யோகா ஆன்ட்டியின் காதைக் கடித்தார்.

"ஓம். பிரின்சிபல்" என்றார் யோகா ஆன்ட்டி.

அம்மா சட்டென்று எழுந்து, போய்க்கொண்டிருந்த அவர் முதுகுக்கு ஒரு வணக்கம் வைத்தார்.

பாட்டு முடிந்தது. நடனம் முடிந்தது. மிஸ்டர் ரோசி மைக்குக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, அம்மாவின் ஃபோனை அதன்மேல் வைத்தார். கோபியில் அப்போது காலை, பட்டறை திறக்கும் நேரம். ஃபோனுக்குள் யாரோ எதையோ தட்டிக்கொண்டிருந்தார்கள். "சித்த நேரம் சும்மா இருங்கப்பா, எம் பொண்ணு பேசப்போறா" என்ற குரல், மைக்கை இன்னும் ஆன் செய்யாததால், சன்னமாக வர்ஷாவுக்கு மட்டும் கேட்டது. மிஸ்டர் ரோசி மைக்கை ஆன் செய்தார்.

நோவா அவளுக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் தெரியும்படி நின்றான். லேஸ் இரண்டும் கட்டியபடியே இருந்தன. அவன் மைக்கைப் பார்த்துக் கேட்டான்.

"வர்ஷாவின் அம்மா நல்ல வெயிலில் குடை பிடித்துக்கொண்டு ரயில் ஸ்டேஷனுக்குப் போனார். அவரைக் கொத்த வந்த மேக்பை பாதி வழியில் திரும்பிப் போய்விட்டது. ஏன்?"

வர்ஷா மூச்சை இழுத்துவிட்டாள்.

"ஐயையோ, மழை வருது, கொடியில் துணி காயுதே என்று வீட்டுக்கு ஓடிவிட்டது."

ஹால் முழுவதும் சிரித்தது. குட்டிப் பிள்ளைகள் தரையில் உருண்டார்கள். பின்வரிசையில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மேக்பைக்குப் பயந்து அம்மா குடை பிடித்துப் போனதை அந்தத் தெருவே பார்த்திருந்தது.

வர்ஷா யாரையும் பார்க்கவில்லை. ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபோனில் சத்தமே இல்லை.

சிரிப்பு மெல்ல அடங்கியது. அப்பாவுக்குப் புரியவில்லையோ? ஃபோன் கட்டாகிவிட்டதோ? வர்ஷாவின் கண் நிறைந்தது. நோவா அடுத்த கேள்வியைத் தொடங்காமல் அவள் முகத்தைப் பார்த்தான். ஹால் அமைதியாகிவிட்டது.

அப்போது அப்பாவின் சிரிப்பு வந்தது. கடல் தாண்டி வருவதற்கு அதற்குக் கொஞ்சம் நேரமாகியிருக்கிறது. ஃபோன் மைக்கை ஒட்டி இருந்ததால், ஹாலின் எல்லா ஒலிபெருக்கிகளிலும் அது முழங்கியது. "ஹ ஹ ஹா" என்று தொடங்கி, மூச்சு வாங்கி, இருமி, மறுபடி ஆரம்பித்தது. நடுவில், "வைதேகி, குடையா பிடிச்சுட்டுப் போனே?" என்று தமிழில் ஒரு கேள்வி. மறுபடி சிரிப்பு.

ஒரு நொடி எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டே ஹால் மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தது. பிரின்சிபல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"யார் அது?" என்று முன்வரிசைக் குட்டிப் பெண் ஒருத்தி கேட்டாள்.

"எங்க அப்பா" என்றாள் வர்ஷா.

நோவா அடுத்த கேள்வியைக் கேட்க வாயைத் திறந்தான். வர்ஷா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவளுக்கு அவசரமே இல்லை. அப்பா சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.